தரவுத்தளத்திடம் யார் என்ன கேட்டார்கள்? லாக்கில் சந்தேகக் குவெரியைப் பிடிப்பது எப்படி

வேலூர் காந்தி ரோட்டிலோ பாபு ராவ் தெருவிலோ ஒரு லாட்ஜில் அறை எடுத்தால், ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் பெயர், ஊர், செல்பேசி எண், ஆதார் நகல் எல்லாம் ஏறிவிடும். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும் சேரும். லாட்ஜ்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்லும் தகவலை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டுமே. ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகள், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் வெளிநாட்டு வாங்குவோர் பட்டியலும் பேசி முடித்த விலையும். இவை எல்லாம் ஏதோ ஒரு தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன.

தகவல் திருட்டுச் செய்திகளில் ‘எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன்’ என்ற சொல் அடிபடுகிறது. ‘லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும்’ என்ற விதியும் காதில் விழுகிறது. லாக்கை வைத்துக்கொண்டு அதில் எதைப் பார்ப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

## குவெரி என்பது என்ன, லாக் என்பது என்ன

ரிசப்ஷனில் இருப்பவர் ‘203-ஆம் அறையில் யார்?’ என்று திரையில் தட்டினால், சாஃப்ட்வேர் அதை எஸ்கியூஎல் மொழியில் ஒரு வாக்கியமாக்கித் தரவுத்தளத்திடம் கேட்கிறது. அந்த வாக்கியம்தான் குவெரி. யார், எப்போது, எந்த கம்ப்யூட்டரிலிருந்து, என்ன கேட்டார்கள் என்று வரிவரியாக எழுதி வைக்கும் கோப்பு லாக்.

இன்ஜெக்‌ஷன் நடப்பது அந்த வாக்கியத்தை ஒட்டுப்போட்டுச் செய்வதால். தேடல் பெட்டியில் தட்டிய பெயரைச் சாஃப்ட்வேர் அப்படியே இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே வைத்து வாக்கியத்தை முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முருகன் என்று தட்டினால் பிரச்சினை இல்லை. ஒருவர் பெயருக்குப் பதில் ஒரு மேற்கோள் குறியும், தொடர்ந்து ‘அல்லது 1=1’ என்ற பொருள் தரும் கட்டளையும் தட்டினால், மேற்கோள் அங்கேயே முடிந்து மீதி கட்டளையாக மாறிவிடுகிறது. 1=1 எப்போதும் உண்மை; எனவே பட்டியல் முழுதும் கொட்டும்.

இது புதிய வித்தை அல்ல. 1998 டிசம்பரில் ‘ஃப்ராக்’ என்ற ஹேக்கர் இதழில் வெளிப்படையாக விளக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் நிறுவனத்தில் சுமார் 13 கோடி கார்டு எண்கள் போவதற்கு இதுவே வாசல் திறந்தது. 2015-ல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. மறு ஆண்டு 4 லட்சம் பவுண்ட் அபராதம். 2023 மே மாத இறுதியில் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் வழியாக உலகம் முழுக்க நடந்த திருட்டுக்கும் இதே ஓட்டைதான்.

## எந்த லாக்கில் எது இருக்கும், எது இருக்காது

பலர் ஏமாறுவது இங்கேதான். லாக் என்பது ஒரே கோப்பு அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பாதியைத்தான் பார்க்கிறது. கீழே வரும் மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மூன்றும் தரவுத்தள மென்பொருள்களின் பெயர்கள்.

1. வெப் சர்வரின் அக்சஸ் லாக்: முகவரிப் பட்டையில் வந்த கோரிக்கையை முழுதாக எழுதும். ஆனால் படிவம் நிரப்பி ‘போஸ்ட்’ முறையில் அனுப்பினால் உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது இதில் வராது. லாகின் திரை வழியாக நடக்கும் இன்ஜெக்‌ஷன் இங்கே வெறும் ஒற்றை வரி. இன்னொன்று, மேற்கோள் குறி இதில் %27 என்றும், இடைவெளி %20 என்றும் பெரும்பாலும் உருமாறித்தான் இருக்கும். இரண்டு முறை மாற்றி %2527 என்று அனுப்புபவர்களும் உண்டு. பழைய உருவுக்குக் கொண்டுவந்த பிறகே தேட வேண்டும்; இல்லாவிட்டால் மேற்கோள் குறியைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடுவோம்.

2. மைஎஸ்கியூஎல் ஜெனரல் லாக்: வரும் குவெரி எல்லாவற்றையும் எழுதும். நிறுவும்போது அணைந்தே இருக்கும். போட்டால் டிஸ்க்கும் வேகமும் அடிபடும். இதில் குவெரி இருக்குமே தவிர, அது வென்றதா, தோற்றதா, எத்தனை வரி கொடுத்தது என்பது இருக்காது.

3. ஸ்லோ குவெரி லாக்: தாமதமான குவெரிகளை மட்டும் எழுதும், எத்தனை வரி அனுப்பியது, எத்தனை வரி துழாவியது என்பதும் சேர்ந்து வரும். இதுவும் அணைந்தே இருக்கும். போட்டாலும் 10 விநாடிக்கு மேல் ஆனால்தான் எழுதும்.

4. பைனரி லாக்: மாற்றங்களை மட்டும் எழுதும். படிப்பதை எழுதாது. ‘பின்லாக் இருக்கிறது, திருட்டு தெரிந்துவிடும்’ என்று நினைப்பது தப்புக்கணக்கு. திருடன் படிக்கத்தானே வருகிறான்?

5. மைஎஸ்கியூஎல் எரர் லாக்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பயனர் தப்பாக எழுதிய குவெரியின் பிழை இதில் பதியாது. தவறான பாஸ்வேர்டு முயற்சிகூட லாக்கின் விவர அளவை 2-லிருந்து 3-க்கு உயர்த்தினால்தான் விழும். குவெரிப் பிழைகளைப் பார்க்க, சாஃப்ட்வேரின் சொந்த லாக்கைப் பார்க்க வேண்டும், அல்லது 8.0 பதிப்பிலிருந்து, மைஎஸ்கியூஎல் தன் இயக்கத்தைத் தானே கணக்கெடுத்து வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா என்ற பகுதியில் எந்தக் கணக்கில் எந்தப் பிழை எத்தனை முறை என்று எண்ணி வைத்திருக்கும் அட்டவணை இருக்கிறது. மரியாடிபியில் இதற்கென்றே தனி பிளகின் உண்டு.

6. போஸ்ட்கிரெஸ்: இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. தோற்ற குவெரியையும் பிழையையும் கேட்காமலே எழுதிவிடும். வென்ற குவெரிகளை எழுத ‘லாக் ஸ்டேட்மென்ட்’ அமைப்பை மாற்ற வேண்டும். எந்த அட்டவணை, எந்தக் கணக்கு என்று பிரித்துப் பதிய பிஜிஆடிட் என்ற கூடுதல் இணைப்பு.

இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை தெரியும். திரையில் எதுவும் காட்டாத தளத்தில் தாக்குபவர் தரவுத்தளத்தைத் தூங்கச் சொல்லி விடை தெரிந்துகொள்வார்: ‘முதல் எழுத்து ஏ என்றால் 5 விநாடி தூங்கு.’ தாமதம் வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. இப்படி எழுத்து எழுத்தாக முழு பாஸ்வேர்டையும் உருவிவிடலாம். இதற்குப் பரவலாகப் பயன்படும் எஸ்கியூஎல்மேப் என்ற கருவி தூங்கச் சொல்வது 5 விநாடி. நம் ஸ்லோ லாக் விழிப்பது 10 விநாடியில். நடுவே தாராளமாகப் புகுந்து போகலாம். ஸ்லோ லாக்கைப் போட்டு அளவை 2 விநாடியாகக் குறைப்பது ஐந்து நிமிட வேலை.

## சாஃப்ட்வேர் பேசும் வாக்கியங்கள் எண்ணக்கூடியவை

சந்தேகக் குவெரி என்றதும் கெட்ட சொற்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு லாக்கில் தேடுவதே வழக்கம். ‘யூனியன் செலக்ட்’, ‘ஸ்லீப்’, ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்று. தேடலாம், தப்பில்லை. ஆனால் சொல்லின் நடுவே குறிப்பு எழுதப் பயன்படும் /* */ குறியைச் செருகியோ, பெரிய எழுத்து சின்ன எழுத்தைக் கலந்தோ எழுதினால் பட்டியல் தோற்கும். உள்ளேயே வேலை பார்க்கும் ஒருவர் நல்ல குவெரியையே எழுதிப் பட்டியலை எடுத்தால் சுத்தமாகத் தோற்கும்.

தலைகீழாக யோசிப்பது மேல். மனிதர்கள் ஆயிரம் விதமாகக் கேட்பார்கள். சாஃப்ட்வேர் அப்படி இல்லை. லாட்ஜ் பில்லிங் சாஃப்ட்வேரில் இருக்கும் திரைகள் எத்தனையோ அத்தனைக்கான குவெரிகள்தான் அது ஆயுள் முழுக்கப் பேசும். அறை எண்ணும் தேதியும் மாறும். வாக்கியத்தின் வடிவம் மாறாது. மதிப்புகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டால், லட்சக்கணக்கான வரிகள் ஒன்றிரண்டு நூறு வடிவங்களாகச் சுருங்கிவிடும். இந்தச் சுருக்கத்துக்கு ‘டைஜஸ்ட்’ என்று பெயர். இன்ஜெக்‌ஷன் நடந்தால் வாக்கியத்தின் வடிவமே மாறியாக வேண்டும். அதாவது இதுவரை பார்க்காத ஒரு டைஜஸ்ட் பிறக்கும்.

மைஎஸ்கியூஎல் இதைத் தானாகவே கணக்கு வைக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் டைஜஸ்ட் அட்டவணையில் ஒவ்வொரு வடிவமும் முதலில் எப்போது தென்பட்டது, எத்தனை முறை ஓடியது, எத்தனை வரி அனுப்பியது எல்லாம் இருக்கும். மரியாடிபியில் இதைப் போட்டுவிட வேண்டும். போஸ்ட்கிரெஸில் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸ் இணைப்பு இதே வேலையைச் செய்யும். செய்முறை இது:

1. குறைந்தது ஒரு முழு மாதம் டைஜஸ்ட்களைச் சேகரியுங்கள். இரண்டு வாரம் போதாது. ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி; மாதக் கடைசியில் சம்பளம். அந்த நாட்களில் மட்டும் ஓடும் குவெரிகள் பட்டியலில் சேராவிட்டால் மாதா மாதம் பொய் அலாரம் அடிக்கும்.

2. அட்டவணையை இரவில் ஒருமுறை வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் இது நினைவகத்தில் மட்டுமே இருப்பதால் சர்வரை மறுபடி போட்டால் அழிந்துவிடும்.

3. மறுநாள் பட்டியலில் இல்லாத புது வடிவம் வந்திருந்தால் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட் ஆன நாளில் பத்து இருபது புதிது வரும். மற்ற நாட்களில் பெரும்பாலும் ஒன்றுகூட வராது என்பதே இந்த முறையின் பலம்.

## வடிவம் சரி, நடத்தை சரியில்லை

பழகிய வடிவத்திலேயே நடக்கும் திருட்டும் உண்டு. அதற்கு எண்ணிக்கையும் நேரமும்தான் சாட்சி.

1. வரிகளின் எண்ணிக்கை. ரிசப்ஷன் திரை ஒரு முறைக்கு 20, 50 வரி கேட்கும். ஒரே குவெரி 8,000 வரி அனுப்பியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். தரவுத்தள லாக் இல்லாத இடத்திலும் இதைப் பிடிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது: அக்சஸ் லாக்கில் பதிலின் அளவு பைட்டில் பதிந்திருக்கும். எப்போதும் 40 கேபி வரும் பக்கம் 3 எம்பி அனுப்பியிருந்தால் அதுவே போதிய துப்பு.

2. வரிசையாகக் கேட்பது. பில் எண் 1001, 1002, 1003 என்று நிமிடத்துக்கு நூறு. ஒவ்வொரு குவெரியும் தனியாகப் பார்த்தால் குற்றமற்றது. இது இன்ஜெக்‌ஷனே அல்ல. அடுத்தவர் பில்லைக் காட்டலாமா என்று சாஃப்ட்வேர் சோதிக்காததால் வரும் ஓட்டை. எண்ணிக்கையும் ஏறுவரிசையும் மட்டுமே இதைக் காட்டிக்கொடுக்கும்.

3. பிழைகளின் கொத்து. மைஎஸ்கியூஎல்லில் 1064 வாக்கியப் பிழை. 1054 இல்லாத நெடுவரிசை. 1146 இல்லாத அட்டவணை. 1142 அனுமதி மறுப்பு. 1222 என்பது இரண்டு குவெரிகளின் விடைகளை ஒட்டும் யூனியன் கட்டளையின் இரு பக்கமும் நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தாமை. ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் 1222 வர ஒரு நியாயமும் இல்லை. யாரோ நெடுவரிசைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் மூன்று வந்தால் தூக்கத்தை விட்டு எழலாம்.

4. மொத்த நகல். மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி ஓடினால், குறிப்புக் குறிக்குள் 40001 என்ற எண்ணோடு தொடங்கும் ‘எல்லாவற்றையும் எடு’ என்ற குவெரி அட்டவணைக்கு ஒன்றாக லாக்கில் விழும். இரவு 1 மணிக்கு பேக்கப் நேரத்தில் வந்தால் நல்லது. மதியம் 3 மணிக்கு, கணக்காளரின் லேப்டாப்பிலிருந்து வந்தால்? வேலையை விடப்போகும் ஆள் வாங்குவோர் பட்டியலை எடுத்துப்போவது தோல் வியாபாரத்தில் மட்டும் இல்லாததா என்ன.

5. பொறி வரி. யாரும் தொடத் தேவையில்லாத ஓர் அட்டவணையை, கவர்ச்சியான பெயரில், பொய்யான பத்துப் பேரோடு வைத்துவிடுங்கள். எந்தத் திரையும் அதைக் கேட்காது. பேக்கப் கணக்கைத் தவிர வேறு யார் அதைத் தொட்டாலும் உடனே குறுஞ்செய்தி போக வேண்டும். பொய் அலாரம் கிட்டத்தட்ட இல்லாத ஒரே ஏற்பாடு இதுதான்.

## எல்லோரும் ‘ரூட்’ என்றால் யாரைக் கேட்பது?

சின்ன நிறுவனங்களில் ரிசப்ஷன், கணக்கு, ஆன்லைன் புக்கிங், பேக்கப் எல்லாம், எல்லா உரிமையும் உள்ள ‘ரூட்’ என்ற ஒரே கணக்கில் ஓடுவது சகஜம். அப்போது லாக்கில் எல்லா வரியிலும் ஒரே பெயர். நான்கு கணக்காகப் பிரித்து, ஆன்லைன் புக்கிங் கணக்குக்குப் பாஸ்போர்ட் அட்டவணையைப் படிக்கும் உரிமையே இல்லாமல் செய்துவிட்டால், 1142 பிழை ஒன்றுகூட அர்த்தமுள்ள எச்சரிக்கையாகிவிடும். எந்த ஊழியரின் திரையிலிருந்து குவெரி வந்தது என்று தெரிய, சாஃப்ட்வேர் எழுதியவரிடம் சொல்லி, ஒவ்வொரு குவெரியின் முடிவிலும் ஊழியர் எண்ணையும் திரையின் பெயரையும் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லலாம். தரவுத்தளம் அதைப் பொருட்படுத்தாது; லாக்கில் மட்டும் நிற்கும். குவெரிகளைக் கையாலேயே ஒட்டவைக்கும் சாஃப்ட்வேரில் ஊழியர் பெயரைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் சேர்ப்பது நல்லது. பெயருக்குள் எதுவும் நுழையலாம்.

## பொய் அலாரம் என்று தள்ளக்கூடாத ஒன்று

டி’சூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒற்றை மேற்கோள் குறி வரும். அந்தப் பெயரில் விருந்தினர் வந்தால் 1064 பிழை விழுந்து, ‘குறியை எடுத்துவிட்டு டைப் பண்ணுங்க’ என்று சாஃப்ட்வேர்காரர் போனில் சொல்லிவிடுவார். தாக்குதல் இல்லைதான். ஆனால் ஒரு மேற்கோள் குறி வாக்கியத்தை உடைக்கிறது என்றால், தட்டியதை அப்படியே ஒட்டவைத்துத்தான் அந்தத் திரை குவெரி செய்கிறது. வாசல் திறந்திருப்பதை டி’சூசா இலவசமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மதிப்பைத் தனியாக அனுப்பும் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ முறைக்கு அந்தத் திரையை மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றாமல் லாக்கைக் கண்காணிப்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது.

## ஐந்தரை மணி நேரக் குழப்பம்

மைஎஸ்கியூஎல் தன் லாக்குகளில் இயல்பாக எழுதுவது உலகப் பொது நேரம். வெப் சர்வர் எழுதுவது நம் நேரம். நள்ளிரவு தாண்டி 2.10-க்கு நடந்தது, ஒன்றில் 2.10 என்றும் மற்றதில் முந்தைய நாள் 20.40 என்றும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், ‘அந்த நேரத்தில் குவெரியே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். ஒன்று அமைப்பை மாற்றி இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது சேர்க்கும் இடத்தில் திருத்த வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவிலேயே இருக்கிறது.

## எவ்வளவு இடம், எவ்வளவு நாள்

அதே உத்தரவுதான் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவும் சொல்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டு, அதுவும் முடிந்துவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள் லாக்கை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அது அமலுக்கு வர விதிகளின் அறிவிப்பிலிருந்து 18 மாதம்.

இடக் கணக்கு பயமுறுத்துவது போல இல்லை. விநாடிக்கு 5 குவெரி, ஒன்றுக்கு 300 பைட் என்றால் நாளைக்கு 130 எம்பி. 180 நாளைக்கு 23 ஜிபி. ஒரு பென்டிரைவில் அடங்கும். விநாடிக்கு 200 குவெரி ஓடும் பெரிய ஆய்வுக்கூடம் என்றால் நாளைக்கு 5.2 ஜிபி, 180 நாளைக்கு 933 ஜிபி. அப்போது முக்கிய அட்டவணைகளை மட்டும் ஆடிட் பிளகின் வழியாகப் பதிந்தால் போதும்.

லாக் அதே சர்வரில் மட்டும் இருக்கக்கூடாது. உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான். விழ விழ வேறு இயந்திரத்துக்கு அனுப்ப ஆர்சிஸ்லாக் போதும்; அலாரம் அடிக்க வாஸூ (Wazuh) போன்ற இலவசக் கருவி உண்டு. குவெரி லாக்கில் நோயாளி பெயர் முதல் பாஸ்போர்ட் எண் வரை அப்படியே இருக்கும் என்பதால், அந்த இயந்திரமும் ஒரு தரவுத்தளம் மாதிரியே பூட்டப்பட வேண்டும்.

## அலாரம் அடித்த பிறகு

வரிசை முக்கியம்.

1. சர்வரை அணைக்காதீர்கள், மறுபடி போடாதீர்கள். டைஜஸ்ட் அட்டவணையும் திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலும் அதோடு போய்விடும். முதலில் இரண்டையும் கோப்பாக எடுங்கள்.

2. அந்தக் கணக்கைப் பூட்டுங்கள். பிறகு ஓடும் இணைப்புகளைக் கொல்லுங்கள். மாற்றிச் செய்தால் கொன்றதும் அடுத்த விநாடி மறுபடி இணைந்துவிடும். பூட்டு புது இணைப்புகளைத்தான் தடுக்கும், பழையதை அறுக்காது. ஆகவே இரண்டும் வேண்டும். ரிசப்ஷனும் அதே கணக்கில் ஓடினால் அதுவும் நிற்கும். அன்றிரவு காட்பாடியில் ரயிலிறங்கி வருபவர்களை நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

3. எல்லா லாக்கையும் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண்ணை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னால் ‘நீங்களே திருத்தியிருக்கலாம்’ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

4. 6 மணி நேரம் என்பது நீங்கள் கவனித்த நொடியிலிருந்து. எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். தெரிந்ததை செர்ட்-இன்னுக்கு அனுப்பி, மீதியைப் பிறகு சேர்க்கலாம். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். காவல் புகாருக்கு அந்தந்த மாவட்ட சைபர் கிரைம் பிரிவு: 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர்க்காரர் திருப்பத்தூருக்கும், வாலாஜா, ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.

5. லாக்கில் ‘இன்டு அவுட்ஃபைல்’ இருக்கிறதா என்று தேடுங்கள். அது தரவை எடுக்கும் கட்டளை மட்டுமல்ல. சர்வரில் புதிதாக ஒரு கோப்பை எழுதவும் உதவும். இருந்தால் இணையதளக் கோப்புறையில் அந்தத் தேதிக்குப் பின் முளைத்த கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகமானவற்றை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை நீக்குவதோடு நிறுத்தாமல் சர்வரையே சுத்தமான பேக்கப்பிலிருந்து புதிதாக நிறுவிய பிறகே கணக்கின் பூட்டைத் திறக்க வேண்டும்.